பத்து நொடியில் தப்பும் காற்று

*துருவப் பனியின்மேல் தாழ்ந்து கிடக்கும் காற்றை ட்ரோனும் பலூனும் கொண்டு துரத்திப் பிடிக்கிறார்கள். அதற்கும் குமரிக் கடற்கரைக்கும் என்ன கணக்கு?*

1911-ஆம் ஆண்டு. தென் துருவக் கண்டத்தை ஒட்டிய ராஸ் தீவில் கேப் எவான்ஸ் முகாம். சூரியன் எட்டியே பார்க்காத குளிர்கால இருட்டு. மரக்குடிசைக்கு வெளியே சிலர் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனைக் காற்று பறித்துக்கொண்டு போகாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். பலூனின் அடியில் ஒரு சிறு கருவி. கருவியோடு கட்டிய மெல்லிய பட்டு நூல். கூடவே மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும் ஒரு திரி. கையை விட்டதும் பலூன் எழும்ப, நூல் விறுவிறுவென்று பிரிந்து ஓடுகிறது. திரி எரிந்து முடிந்ததும் கருவி கழன்று எங்கோ பனியில் விழும். அதன்பிறகு நூல் போன வழியே இருட்டில் நடந்து கருவியைத் தேட வேண்டும். நூல் அறுந்துவிட்டால் கருவி போனது போனதுதான். கிடைத்தால், அதிலுள்ள சிறு உலோகத் தகட்டின் கீறல்களில் அன்றைய மேல்காற்றின் கதை பதிந்திருக்கும்.

இந்த வேலைக்குப் பொறுப்பானவர் ஜார்ஜ் சிம்சன், பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் ‘டெர்ரா நோவா’ பயணக் குழுவின் வானிலையாளர். அவர் வேலை பார்த்தது சிம்லாவிலிருந்த இந்திய வானிலைத் துறையில். அங்கிருந்துதான் துருவத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டார். 1912-இல் மறுபடி சிம்லா வேலைக்கே திரும்பினார். அவருடைய துருவ வானிலை நூல் 1919-இல் அச்சேறியதும் கல்கத்தாவில்தான்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பட்டு நூலின் இடத்தில் ரேடியோ வந்தது. இப்போது அரைக் கிலோ எடைக்குச் சற்று மேலான ட்ரோன்கள் அதே பனிவெளியில் ஏறி இறங்குகின்றன. சிம்சனின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: தரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில் காற்று என்ன செய்கிறது?

கொட்டாரத்துக்கு நேர் தெற்கே

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குமரி மாவட்டத்துக் கொட்டாரம் சந்திப்பிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால் கன்னியாகுமரியோடு கரை முடிந்துவிடும். அதற்கப்புறம் கடல், கடல், கடல். 77.5 டிகிரிக் கிழக்குத் தீர்க்கரேகையில் கோடு ஓட, வழியில் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரண்டு குட்டிப் பிரெஞ்சுத் தீவுகள் வரும். மற்றபடி அண்டார்க்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடா வரை தரையே கிடையாது. அங்கே லார்ஸ்மன் குன்றுகளில், கோட்டுக்குச் சற்று மேற்கே நிற்கிறது இந்தியாவின் ‘பாரதி’ ஆய்வு நிலையம். கொட்டாரத்திலிருந்து சுமார் 8,600 கிலோமீட்டர். நமக்கும் பாரதிக்கும் நடுவே காற்றையோ அலையையோ தடுக்க ஒரு மலை இல்லை.

அலை வருகிறது என்பதற்கு 2024 மே 6 சாட்சி. வானம் தெளிந்த நாள். கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்தவர்களை எழும்பி வந்த அலை இழுத்துக்கொண்டு போனது. ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கரையில் புயல் இல்லை, மழை இல்லை. மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று சொல்லும் கடலேற்றம் அது. தெற்குப் பெருங்கடலில், அண்டார்க்டிகாவைச் சுற்றிச் சுழலும் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள், ஒரு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரையைத் தொடுகின்றன. அந்த அலையைப் பெற்றது எங்கோ வீசிய காற்று. கடல் மட்டத்தை ஒட்டி அந்தக் காற்று எவ்வளவு வேகத்தில் வீசியது என்ற எண் சரியாக இருந்தால்தான், எந்த நாளில் எந்தக் கரையில் அலை ஏறும் என்ற கணிப்பும் சரியாக இருக்கும்.

ஆகவே துருவப் பக்கத்துத் தாழ்காற்றை அளக்கும் வேலை நம் கடற்கரையின் பாதுகாப்போடும் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

மேலே 80 கிலோமீட்டர் வரை போனோம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உயரே உள்ள காற்றை மனிதன் எப்போதோ அளந்துவிட்டான்.

1930 ஜனவரியில் சோவியத் விஞ்ஞானி பாவெல் மொல்சானவ், அளவுகளை ரேடியோவில் அனுப்பும் கருவியைப் பலூனில் கட்டி அனுப்பினார். பிரான்சில் ராபர்ட் பியூரோ அதற்குச் சற்று முன்பே அதே பாதையில் இறங்கியிருந்தார். இன்று உலகமெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே நேரக் கணக்கில் பலூன் விடுகின்றன. இந்திய நேரப்படி காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. கொட்டாரத்தில் மாலைப் பேருந்துக்கு ஆள் சேரும் நேரத்தில், இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரத்திலும் அப்படி ஒரு பலூன் மேலே போய்க்கொண்டிருக்கும்.

பலூனுக்கும் எட்டாத உயரத்தை ராக்கெட் அளந்தது. 1970 டிசம்பர் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து வாரந்தோறும் சோவியத் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. மொத்தம் ஆயிரத்துக்கு மேல். ஆர்க்டிக்கின் ஹெய்ஸ் தீவு, ரஷ்யாவின் வோல்கோகிராட், நம் தும்பா, அண்டார்க்டிகாவின் மொலொதியோஷ்னயா என்று வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை ஒரே சங்கிலி. அந்தச் சங்கிலியின் தென்கோடியில் 1971 முதல் 1973 வரை வேலை பார்த்தவர் ஓர் இந்தியர். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்ஜித் சிங் சேரா, 17-ஆவது சோவியத் அண்டார்க்டிகா பயணத்தில் போய், அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தவர். இந்தியா தன் சொந்தக் குழுவை அனுப்பியது அதற்குப் பத்தாண்டு பிந்தித்தான்.

இப்படி 80 கிலோமீட்டர் உயரம் வரை எட்டியவர்கள், காலடியில் கிடந்த முதல் அரைக் கிலோமீட்டரை அரைகுறையாகவே விட்டுவைத்தார்கள். காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. அந்த அடுக்கை அளப்பது உண்மையிலேயே கடினம்.

> பெட்டிச் செய்தி: எதை வைத்து அளக்கிறார்கள்?
>
> கம்பம்: தரையிலிருந்து சில பத்து மீட்டர் வரை. இரவு பகல் ஓயாமல் அளக்கும். நட்ட இடத்தை விட்டு நகராது.
>
> ரேடியோசோண்டு பலூன்: நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறும். 30 கிலோமீட்டர் உயரம் தாண்டியும் போய் வெடிக்கும். பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை. கருவி அநேகமாகத் திரும்பி வராது.
>
> கட்டுப் பலூன்: கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவது. ஒரே உயரத்தில் மணிக்கணக்காக நிறுத்தலாம். காற்று வலுத்தால் இறக்கிவிட வேண்டும்.
>
> ட்ரோன்: ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். கருவி கைக்குத் திரும்பி வரும். மின்கலமும் குளிரும் எல்லை வகுக்கும்.
>
> செயற்கைக்கோள்: பூமி முழுவதையும் பார்க்கும். தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் அதன் பார்வை மங்கும். பனித்தரையையும் மேகத்தையும் பிரித்தறிவதும் அதற்குச் சிக்கல்.

பனிமேல் படுத்த காற்று

மார்கழி விடியலில் நாஞ்சில் நாட்டு வயல்வெளியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அடுப்புப் புகை கூரைக்குச் சற்று மேலே எழுந்து, அதற்குமேல் போக மாட்டாமல் தட்டையாகப் பரவிக் கிடக்கும். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் போயிருக்கும். மேலே இருக்கும் காற்று சூடாக இருக்கும். கீழ்க்காற்று மேலே ஏறாது, மேல்காற்று கீழே இறங்காது. வெயில் ஏறியதும் இந்த அடைப்பு உடைந்துவிடும்.

துருவத்தில் வெயில் ஏற மாதக்கணக்காகும். அதுவரை அடைப்பும் உடையாது. அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் குளிர்காலத்தில் தரைக்கும் சில நூறு மீட்டர் மேலுக்கும் இடையே 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருக்கும், மேலேதான் சூடு. தரையோடு உரசிக் கலங்கும் அடுக்கு சில சமயம் 50 மீட்டர் கூட இருக்காது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நொடிக்கு 5 மீட்டர் ஏறும் பலூன் இந்த 50 மீட்டரைப் பத்து நொடியில் தாண்டிவிடும். கருவி உள்ளறையின் சூட்டிலிருந்து வெளிக்குளிருக்குப் பழகும் முன்பே அடுக்கு முடிந்துவிடுகிறது. மறுபடி அதே இடத்தை அளக்கப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அந்த அடுக்கு கலைந்து, சேர்ந்து, மறுபடி கலைந்திருக்கும்.

பார்க்காததைக் கணினி மாதிரிகள் ஊகித்து நிரப்புகின்றன. அந்த ஊகத்தில் பல மாதிரிகள் ஒரே பக்கம் சாய்கின்றன. நிஜத்தில் அசையாமல் படுத்திருக்கும் காற்றை மாதிரி வேண்டிய அளவுக்கு மேல் கலக்கிவிடுகிறது. விளைவு, தரை வெப்பநிலை நிஜத்தைவிடச் சூடாகக் காட்டப்படுகிறது.

துருவக் குளிரைக் குறைத்து எடைபோடுவது உயிரையும் கேட்கும். 1912 மார்ச்சில் துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்டும் தோழர்களும் ராஸ் பனித்தட்டில் எதிர்பார்த்ததைவிடக் கடுமையான குளிரில் சிக்கினார்கள். அந்த ஆண்டின் மார்ச் வழக்கத்துக்கு மீறிய குளிர் கொண்டது என்பதை அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமன், சிம்சனின் பதிவுகளையும் பின்னாளில் தானியங்கி நிலையங்கள் தந்த அளவுகளையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

580 கிராம் விமானம்

2007-இன் கடைசி மாதங்களில் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனமும் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் தானியங்கி ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டன. மொத்தம் 20 பறப்புகள். கடல்பனிக்கு மேலே காற்றும் வெப்பமும் எப்படிக் கைமாறுகின்றன என்பதை அவை அளந்துகொண்டு வந்தன.

இரண்டு ஆண்டு கழித்து, 2009 செப்டம்பரில், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து ஜான் கசானோ குழு ‘ஏரோசோண்டு’ விமானங்களை அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்திலிருந்து டெர்ரா நோவா விரிகுடாவுக்கு அனுப்பியது. குளிர்காலம் முடியும் தறுவாயில், ஆள் ஏறிய விமானம் போகத் தயங்கும் இடம் அது. மலைச்சரிவிலிருந்து பாய்ந்து இறங்கும் குளிர்காற்று கடலின்மேல் என்ன செய்கிறது என்பதை அந்தப் பருவத்தில் நேரடியாக அளக்க முடிந்தது.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் யோவாகிம் ரோய்டர் குழு உருவாக்கிய ‘சுமோ’ இன்னும் சின்னது. எடை 580 கிராம், இறக்கை 80 சென்டிமீட்டர். கையால் எறிந்தால் பறந்துவிடும். ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டிலும் அண்டார்க்டிகாவிலும் அது சுழன்று சுழன்று ஏறி, வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் அடுக்கடுக்காகப் பதிந்தது. 2017, 2018 குளிர்காலங்களில் பின்லாந்தின் ஹைலூட்டோ தீவுக்கருகே உறைந்த கடலின்மேல் இதே குழு பலவகை ட்ரோன்களைச் சேர்த்துப் பறக்கவிட்டு, படுத்த காற்று எப்போது, எதனால் திடீரென்று கலங்குகிறது என்பதைத் துரத்தியது.

2019 செப்டம்பரில் தொடங்கிய ‘மொசைக்’ பயணம் இவை எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றியது. ஜெர்மனியின் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பல் ஆர்க்டிக் பனியில் வேண்டுமென்றே உறைந்து, 2020 செப்டம்பர் வரை பனியோடு மிதந்தது. கப்பலிலிருந்து நாளுக்கு நான்கு ரேடியோசோண்டுகள். பனிமேல் கட்டுப் பலூன்கள். கூடவே ட்ரோன்கள். ஓர் ஆண்டு முழுக்க ஆர்க்டிக் தாழ்காற்றுக்கு இத்தனை பேர் இத்தனை கோணத்தில் கண்காணிப்பு வைத்தது முன்பு நடந்ததில்லை.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. குளிரில் மின்கலம் பாதியிலேயே சோர்ந்துவிடும். இறக்கையில் பனி படிந்தால் விமானம் விழும். காந்தத் துருவத்துக்கு அருகே திசைகாட்டியை நம்ப முடியாது. கட்டுப் பலூனோ, காற்று வேகமெடுக்கும் நாளில், அதாவது அளக்க வேண்டிய நாளிலேயே, தரையில் படுத்துவிடும்.

அந்தக் காற்று எங்கெல்லாம் வந்து சேர்கிறது?

முதல் விளைவு கடலின் அடியில். அண்டார்க்டிகாவின் பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் உருண்டு கடற்கரையில் புயலாகப் பாயும். அந்தக் காற்று கடல்பனியைத் தள்ளிக்கொண்டே போவதால் கரையோரம் திறந்த நீர்ப்பரப்பு உருவாகும். திறந்த நீர் உறையும். பனியைக் காற்று தள்ளும். மறுபடி நீர் உறையும். உறையும்போது உப்பு வெளியேறி, மிச்ச நீர் உவர்ப்பேறிக் கனத்து, ஆழத்துக்கு இறங்கும். உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்தில் ஊர்ந்து பரவுவது இந்தக் குளிர்நீர்தான். இப்படி அடிநீர் உற்பத்தியாகும் இடங்களில் ஒன்று டார்ன்லி முனை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் அறிவித்தார்கள். யானைச் சீல்களின் தலையில் ஒட்டிய கருவிகளும் அந்த ஆய்வுக்கு அளவுகள் சேகரித்துக் கொடுத்தன. டார்ன்லி முனை நம் பாரதி நிலையத்துக்கு மேற்கே, அதே கரையில் இருக்கிறது.

இரண்டாவது விளைவு பனியின் கையிருப்பில். கண்டத்தின்மேல் எவ்வளவு பனி பெய்கிறது என்பதைச் செயற்கைக்கோள் ரேடார் மேலிருந்து அளக்கிறது. தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதன் பார்வை தெளிவாக இல்லை. அங்கேதான் சரிவில் இறங்கும் வறண்ட காற்று, விழுந்துகொண்டிருக்கும் பனித்துகளை வழியிலேயே ஆவியாக்கிவிடுகிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்டம் முழுவதற்கும் சுமார் 17 சதவீதப் பனிப்பொழிவும், கிழக்கு அண்டார்க்டிகாவின் ஓரங்களில் 35 சதவீதம் வரையும் இப்படித் தரை தொடாமல் போகிறது என்று கணக்கிட்டது. வரவில் இவ்வளவு ஓட்டை இருந்தால், பனிக்கண்டம் கடலுக்கு எவ்வளவு நீரை விடுகிறது என்ற செலவுக் கணக்கும் ஆட்டம் காணும். 2100-க்குள் கடல் மட்டம் 0.28 முதல் 1.01 மீட்டர் வரை உயரலாம் என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் ஆறாவது அறிக்கை. 28 சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவே இருக்கும் தூரம், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலரிப்புக்குக் கல் அடுக்கிக்கொண்டிருக்கும் ஊர்களுக்கு வெறும் புள்ளிவிவரம் கிடையாது. எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்ற கேள்வி அது.

மூன்றாவது, வட துருவம். 1979-க்குப் பின் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022-இல் பின்லாந்து வானிலை நிறுவனத்தார் காட்டினார்கள். இந்த வேகத்துக்கு அங்கே படுத்துக் கிடக்கும் காற்றும் ஒரு காரணம். வெப்பம் மேலே ஏறிக் கலையாமல் தரையோடு தங்கிவிடுகிறது. காரா கடலில் கோடைப்பனி குறையும் ஆண்டுகளுக்கும் இந்தியாவில் செப்டம்பர் மாதப் பெருமழைக்கும் தொடர்பு தெரிகிறது என்று கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆய்வு மையத்தினர் 2021-இல் எழுதினார்கள். இது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம். அந்த விவாதம் தீரவும் ஆர்க்டிக் தாழ்காற்றின் அளவுகள்தான் வேண்டும்.

நான்காவது, முன்னறிவிப்பு. 2018 நவம்பர் முதல் 2019 பிப்ரவரி வரை பல நாடுகள் சேர்ந்து அண்டார்க்டிகாவிலும் சுற்றுக் கடலிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக 2,000-க்கும் மேற்பட்ட ரேடியோசோண்டுகளை விட்டன. கூடுதல் அளவுகளைச் சேர்த்து ஓட்டிய கணிப்புகள் அப்பகுதியில் மேம்பட்டன. அந்த வட்டாரத்துக் காற்றுக்கணிப்பு தெளிந்தால், கள்ளக்கடல் எச்சரிக்கைக்கு அடிப்படையான எண்ணும் தெளியும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் கடலேற்றக் கணிப்பைச் சில ஆண்டுகளாகத் தந்துவருகிறது. லெமூர் சம்பவத்துக்கு முன்பும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. அளவு சரியாக இருந்தும் சேதி மணல்வரை வந்து சேராவிட்டால் பயனில்லை என்பதையும் அந்த நாள் சொல்லிக்கொடுத்தது.

> பெட்டிச் செய்தி: இந்தியாவும் துருவங்களும்
>
> 1982 ஜனவரி: எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. இந்தியப் பயணங்களில் வானிலைத் துறையினருக்குத் தொடக்கம் முதலே இடமுண்டு.
>
> 1983: அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் இந்தியா இணைந்தது. தட்சிண் கங்கோத்ரி நிலையம் உருவானது.
>
> 1989: ஷிர்மாகர் பாறைச்சோலையில் மைத்ரி நிலையம். இங்கிருந்து ஓசோன் அளக்கும் பலூன்களும் விடப்படுகின்றன.
>
> 2008 ஜூலை: ஸ்வால்பார்டின் நியூ ஒலசுண்டில், வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டரில், ஹிமாத்ரி நிலையம்.
>
> 2012: பாரதி நிலையம்.
>
> 2022: இந்திய ஆர்க்டிக் கொள்கையும் இந்திய அண்டார்க்டிக் சட்டமும்.
>
> 2023 டிசம்பர்: ஆர்க்டிக்குக்கு முதல் குளிர்கால இந்தியப் பயணம்.
>
> 2024 மே: அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் 46-ஆவது கூட்டம் கொச்சியில்.

நம் தலைக்குமேல் யார் அளக்கிறார்கள்?

மழைக்காலச் செய்தியில் கொட்டாரம் பெயர் அடிக்கடி அடிபடும். மயிலாடி, பூதப்பாண்டி, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி வரிசையில் நம் ஊர் மழைமானியின் கணக்கும் வாசிக்கப்படும். அது விழுந்த மழையின் கணக்கு. விழப்போகும் மழையைச் சொல்லத் தலைக்குமேல் இருக்கும் காற்றை அளக்க வேண்டும். “மழை பெய்யும்னு சொன்னா வெயிலுல்லா அடிக்கு” என்று கும்பப்பூ சாகுபடிக்காரர்கள் டீக்கடையில் அலுத்துக்கொள்வதற்குப் பின்னால் இந்தக் குறையும் இருக்கிறது.

இந்தத் தேவையைத் திருவிதாங்கூர் எப்போதோ உணர்ந்திருந்தது. பலூன் இல்லாத காலத்தில் மேல்காற்றைப் பிடிக்க மலையேறினார்கள். திருவனந்தபுரம் வான்நோக்கு நிலைய இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் அளவீட்டு நிலையம் அமைத்தார். நாஞ்சில் நாடும் அந்தச் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தது. பின்னாளில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலை நடுவதற்குமுன், கம்பம் நட்டு ஒவ்வொரு உயரத்திலும் காற்றை எழுதி வைத்தார்கள். காற்றை விற்க வேண்டும் என்றால் நூறு மீட்டர் வரை அளக்கிறோம். கடலுக்குப் போகிறவனுக்காக அளப்பதில்தான் கை சுருங்குகிறது.

ஒக்கிப் புயல் அதைக் காட்டிக்கொடுத்தது. 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலை குமரிக்குத் தெற்கே, வெகு அருகில் அது புயல். ஒரே நாளில் நடந்த வளர்ச்சி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் ஆழ்கடல் போய் நாட்களாகியிருந்தன. அவர்களில் பலர் திரும்பவில்லை. கரையில் வாழையும் ரப்பரும் முறிந்து விழுந்தன.

ட்ரோன் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது மோசடி. ஆனால் புயல் அத்தனை வேகமாகத் தடிக்கத் தீனி போடுவது கடல்மேலுள்ள முதல் சில நூறு மீட்டர் ஈரக்காற்று. அந்தப் பகுதியைச் சுற்றிப் பலூன் விடும் இடங்கள் திருவனந்தபுரம், மினிக்காய், காரைக்கால், கொழும்பு. இவற்றுக்குத் தெற்கே விரிந்த கடலில் பலூன் விடும் இடங்கள் அரிது. துருவ ஆய்வாளர் புலம்பும் அதே வெற்றிடம் நம் வாசலிலேயே தொடங்குகிறது.

இந்திய வானிலைத் துறை நாடு முழுக்க 50-க்குச் சற்று மேற்பட்ட இடங்களிலிருந்து பலூன் விடுகிறது. ஒவ்வொரு முறையும் விடும் கருவி அநேகமாகத் திரும்பாது. இந்தச் செலவையும் இழப்பையும் குறைக்க ட்ரோன்களைச் சோதித்துப் பார்க்கும் எண்ணத்தை 2023-இல் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்டது. 2024 மார்ச் முதல் செப்டம்பர் வரை உலக வானிலை அமைப்பு பல நாடுகளில் வானிலை ட்ரோன்களைப் பறக்கவிட்டு, அவை தரும் அளவுகளின் பயனைச் சோதிக்கும் முயற்சியை நடத்தியது. அதே செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் ‘மிஷன் மௌசம்’ வானிலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் ஆளில்லா விமானக் கழகம் உருவாகிவிட்டது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகளாக மாணவர்கள் ட்ரோன் கட்டிவருகிறார்கள். பணம், கை, மூளை மூன்றும் இருக்கின்றன.

தடைகளும் இருக்கின்றன

2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய உயரம் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். வானிலை ட்ரோனுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராவது வேண்டும். பயணிகள் விமானங்களின் வழி, கூடங்குளம் போன்ற இடங்களைச் சுற்றிய கட்டுப்பாடு, எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு பறப்புக்கும் வழி வாங்க வேண்டும். ஐப்பசி மழையிலும் ஆனி ஆடிக் காற்றிலும் சின்ன ட்ரோன் தாக்குப்பிடிக்காது. நமக்கு மிகவும் தேவைப்படும் நாட்களும் அவைதான். 30 கிலோமீட்டர் உயரத்துக்கு இன்னும் பலூனை விட்டால் வழியில்லை. ஆகவே ட்ரோன் வந்ததும் பலூனைக் கைவிடலாம் என்ற வாதம் நிற்காது. பலூன் பத்து நொடியில் தாண்டிப்போகும் அடுக்கில் ட்ரோன் நின்று வேலை பார்க்கும். மேலே பலூன் போகட்டும்.

துருவத்தில் இன்னொரு தடை உண்டு. வெடித்த பலூன் ரப்பரும் கருவியும் பனியிலும் கடலிலும் விழுந்து குப்பையாகின்றன. 1991-இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை ஒன்று அண்டார்க்டிகாவை அமைதிக்கும் அறிவியலுக்குமான இயற்கைக் காப்பகமாக வைத்திருக்கிறது. ட்ரோன் சத்தம் பென்குயின் கூட்டங்களைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, எங்கே, எவ்வளவு அருகே பறக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. காற்றை அளக்கப் போய்க் கண்டத்தைக் கெடுக்கக் கூடாதல்லவா?

குமரி கேட்க வேண்டியது

துருவத்தில் கற்ற பாடம் மூன்று. அடிக்கடி அள. தாழ அள. அளந்ததை எல்லோருக்கும் கொடு. மொசைக் பயணத்தின் தரவுகள் இன்று உலக ஆய்வாளர்களுக்குத் திறந்து கிடக்கின்றன. சிம்சனின் பதிவுகள் தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் சூசன் சாலமனுக்கு உதவியதும் அவை அச்சில் கிடந்ததால்தான்.

பாரதியில் வருடம் முழுக்க ஆள் வைத்திருக்கும் நாடு, ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில், கடலின் வடமுனையான குமரியில் ஒரு மேல்காற்று அளவீட்டு நிலையம் வைக்க முடியாதா? வானிலைத் துறை ட்ரோன் சோதனைக்கு இடம் தேடுகிறது என்றால், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இந்த முனையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டுமாவது, பறக்க முடிந்த நாட்களில் ஆறேழு முறை கரையிலிருந்து ஏறி இறங்கும் ஒரு ட்ரோன், அது பறக்க ஒரு வான்வழி அனுமதி, கிடைக்கும் அளவுகளை அன்றன்றே மீன்பிடித் துறைமுகங்களுக்குச் சொல்லும் ஓர் ஏற்பாடு: கேட்பது இவ்வளவுதான். ஒக்கிக்குப் பின் கொடுத்த நிவாரணத்தோடு ஒப்பிட்டால் இதன் செலவு சிறியது.

அடுத்த சட்டமன்ற, நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களில் நம் மாவட்டத்து உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது. பாலம், நாற்கரச் சாலை, ரயில் நிறுத்தம் என்ற பட்டியலில் தாழ்காற்றுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்வோம். கச்சான் காற்றும் கொண்டல் காற்றும் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்பதால், எல்லாக் கட்சியிடமும் கேட்கலாம்.